நாற்பத்தாறு வோல்ட்

“கணக்கு சரியா தப்பா, அதை மட்டும் சொல்லுங்க டீச்சர். வேற எதுவும் கேட்க வரலைங்க.”

அர்த்தநாரி தாளை மேசைமேல் வைத்தார். வைத்த வேகத்தில் அங்கிருந்த சிறு திருகாணி ஒன்று உருண்டு கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

டீச்சர் குனிந்து தானே எடுத்தார்.

டீச்சரின் பெயர் மங்கையர்க்கரசி. வயது முப்பத்தாறு. நாமக்கல்லில் ஒரே அறை வைத்து, பழுதான மின்மீட்டர்களைத் திறந்து சரிசெய்து கொடுப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்திலிருந்து பன்னிரண்டு வரை வயர்மேன்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். வருகிறவர்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் அவரைவிட மூத்தவர்கள். அர்த்தநாரிக்கு ஐம்பத்து மூன்று.

டீச்சருக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஒருமுறை ஐவரில் ஒருவர் மின்தடை என்றால் என்ன என்று கேட்டார். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் வருவது என்று டீச்சர் சொன்னார். அது தெரியும், அது எங்கே இருக்கும் என்று அவர் மறுபடி கேட்டார். டீச்சர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு அன்றைய வகுப்பை அதோடு முடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் வந்தவர்களிடம், கேட்டது நல்ல கேள்வி, அதனால்தான் முடித்தேன் என்றார். யாருக்கும் விளங்கவில்லை.

இன்று ஞாயிறு அல்ல, புதன்கிழமை. மணி பதினொன்று நாற்பது. அர்த்தநாரியால் ஞாயிறுவரை காத்திருக்க முடியாது. மூன்று மணிக்குள் அவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும்.

டீச்சர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் படித்தார். அதில் இருந்தது இவ்வளவுதான்.

பொரிப்பகம் வந்து சேர்ந்தது 9.05. அளந்தது 9.10.

வோல்ட் 230. ஆம்பியர் 8.

தடை: 230 ÷ 8 = 28.75 ஓம்.

வாட்: 230 × 8 = 1840.

காயில் செய்தவர் சொன்னது 23 ஓம், 10 ஆம்பியர், 2300 வாட். குறைவது 460 வாட். காயில் போலி.

‘போலி’ என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடுகள் இருந்தன. இரண்டாவது கோடு தாளைக் கிழித்திருந்தது.

*

விஷயம் இதுதான்.

நகரத்திலிருந்து பதினேழு கிலோமீட்டரில் ஒரு குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. அதன் உரிமையாளருக்கு மொத்தம் ஒன்பது பொரிப்பகங்கள். இங்கே புதிதாக ஒரு கொட்டகை எழுப்பி, ஒரு இன்குபேட்டர் வைத்து, 4800 முட்டைகளை அடுக்கினார்கள். இருபத்தோராம் நாள் வெளியே வந்த குஞ்சுகள் 1116. மற்றவை ஓட்டுக்குள்ளேயே இறந்துவிட்டன.

மார்கழிக் குளிர். விடியற்காலையில் பெட்டிக்குள் சூடு இறங்கியிருக்கிறது. சூடு கொடுப்பது உள்ளே இருக்கும் காயில். அந்தக் காயிலைச் சுற்றியவர் ராசாமணி.

ஒன்பது இடங்களிலும் ராசாமணியின் காயில்கள்தான். மொத்தம் அறுபத்து நான்கு. அவருக்கு வேறு வாடிக்கை கிடையாது. இந்த ஒரு காயில் போலி என்று வயர்மேன் எழுதிக் கொடுத்தால், அறுபத்து நான்கையும் இன்றே கழற்றி எறிந்துவிடுவதாக உரிமையாளர் சொல்லிவிட்டார். கழற்றுவதற்கு இரண்டு பேரை ஸ்பேனரோடு நிற்கவும் வைத்துவிட்டார்.

இரண்டாவது தடவை அடுக்கிய 4800 முட்டைகளுக்கு இன்று ஆறாம் நாள்.

அர்த்தநாரியும் ராசாமணியும் இருபத்திரண்டு வருடம் ஒன்றாக வேலை செய்தவர்கள். ஒருவர் வயர் இழுப்பார், ஒருவர் காயில் மாட்டுவார். ஒரே பாத்திரத்தில் சோறு கொண்டுபோய்ப் பங்கிட்டுச் சாப்பிடுவார்கள்.

போன ஆவணியில் ஒரு புதுவீட்டு விருந்து. பந்தியில் முப்பது பேர் இருந்தார்கள். ராசாமணி சாம்பாருக்குச் சோற்றில் குழி செய்துகொண்டே சொன்னார்.

“எங்க அர்த்தநாரி மாப்ள வயரை நூல் பிடிச்ச மாதிரி இழுப்பான். ஆணியை வரிசையா அடிப்பான். கணக்கு மட்டும் கேட்டுராதீங்க, அவனுக்குச் சோறு இறங்காது.”

முப்பது பேரும் சிரித்தார்கள். பரிமாறுகிறவரும் சிரித்தார்.

அர்த்தநாரி பாதி இலையில் எழுந்தார். அதன்பிறகு ராசாமணியோடு பேசவில்லை. இன்றோடு நான்கு மாதம் பதினோரு நாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே டீச்சரிடம் வந்து சேர்ந்தார். எதற்காகக் கற்க வருகிறீர்கள் என்று டீச்சர் கேட்டபோது, கணக்குத் தெரிய வேண்டும் என்று மட்டும் சொன்னார். ஒரு ஞாயிறுகூட விடவில்லை. வீட்டில் இஸ்திரிப்பெட்டி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் எடுத்து, வகுத்தும் பெருக்கியும் நோட்டில் எழுதினார். நூற்று எண்பது பக்க நோட்டு முடிந்து இரண்டாவது ஓடுகிறது.

இன்று காலைதான் அந்தக் கணக்குக்கு முதல் வேலை வந்தது.

*

டீச்சர் வகுத்தலை ஒருமுறை போட்டுப் பார்த்தார். பெருக்கலை ஒருமுறை போட்டுப் பார்த்தார். பிறகு இரண்டையும் இன்னொரு முறை.

“வகுத்தல் சரி. பெருக்கல் சரி” என்றார்.

அர்த்தநாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படியானால் கையெழுத்துப் போட்டுவிடலாம் அல்லவா என்று கேட்டார்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். அர்த்தநாரியின் தலைமுடியைப் பார்த்தார். சட்டைக் காலரைப் பார்த்தார்.

“குளிச்சீங்களா?”

அர்த்தநாரிக்கு முதலில் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. பிறகு முகம் கறுத்தது.

“விடிய அஞ்சு மணிக்கே குளிச்சாச்சுங்க.”

“அதைக் கேக்கலைங்ணா.”

“பின்ன எதைக் கேக்கறீங்க?”

டீச்சர் தாளை அவர் பக்கமாகத் தள்ளினார். ஈயம் பற்றவைக்கும் கோலை எடுத்துப் பிளக்கில் சொருகினார். திறந்து கிடந்த மீட்டர் ஒன்றை முன்னால் இழுத்துக்கொண்டார்.

அர்த்தநாரி எழுந்து நின்றார். ஒரு மனிதனின் முப்பது வருடத் தொழிலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன், என் உடம்பைப் பற்றிக் கேட்கிறீர்களே என்றார். வயதில் சின்னவர் என்று பார்க்காமல் தரையில் உட்கார்ந்து படித்தேனே என்றார். காயில் போலியா இல்லையா என்பதற்கும் நான் குளித்தேனா என்பதற்கும் என்ன சம்பந்தம் என்றார். இன்னும் பல சொன்னார். குரல் சாலைவரை கேட்டது.

டீச்சர் நிமிரவில்லை.

“கணக்கு சரின்னு சொல்லியாச்சு. குளிச்சிட்டு வந்து மீதியைக் கேளுங்க” என்றார். அவர் குரலிலும் சூடு இருந்தது. “குளிக்காம கையெழுத்துப் போட்டா, ஞாயித்துக்கிழமை இங்க வர வேண்டாம்.”

அர்த்தநாரி தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தார். செருப்பை மாட்டும்போது இடது வலது மாறிப் போட்டு, மறுபடி கழற்றி மாட்டினார்.

*

பதினேழு கிலோமீட்டரும் அவர் மொபெட்டில் டீச்சரைத் திட்டிக்கொண்டே போனார்.

பாதி வழிக்குமேல் திட்டு ராசாமணியிடம் போனது. சோறு இறங்காது என்றானே. இன்று யாருக்கு இறங்காது என்று பார்க்கலாம். நாலு மாதமாக முட்டி வலிக்க உட்கார்ந்து படித்தது வீண்போகவில்லை. இருபத்து மூன்று என்று சீட்டில் எழுதிக் கட்டிவிட்டு, இருபத்தெட்டே முக்காலுக்குச் சுற்றிக் கொடுத்திருக்கிறான். ஓம் ஏறினால் ஆம்பியர் இறங்கும். ஆம்பியர் இறங்கினால் சூடு இறங்கும். இது இப்போது எனக்குத் தெரியும்.

பொரிப்பகத்தின் வாசலில் மொபெட்டை நிறுத்தினார். மேலாளரின் அறை இடதுபக்கம். அங்கே போய் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால் முடிந்தது. மணி பன்னிரண்டு இருபத்தைந்து.

அவருக்கு முன்னால் மருந்துக் கம்பெனி ஆள் ஒருவர் கைப்பெட்டியோடு நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, வாசனை. இன்குபேட்டர் பகுதிக்குப் போகும் கதவருகே, மடித்த துணிகளை அடுக்கிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் வெள்ளையம்மாள். மருந்துக் கம்பெனி ஆள் கதவில் கைவைத்தார்.

“குளிச்சீங்களா?” என்றாள் வெள்ளையம்மாள்.

வீட்டில் குளித்துவிட்டுத்தான் வந்தேன் என்றார் அவர்.

“வீட்டுக் குளியலை வீட்ல வச்சுக்கங்க. இங்க குளிச்சாத்தான் உள்ள.”

மருந்துக் கம்பெனி ஆள் முணுமுணுத்துக்கொண்டே கைப்பெட்டியை வெளியே வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனார்.

அர்த்தநாரி அப்படியே நின்றார்.

அந்தப் பொரிப்பகத்தில் யாராக இருந்தாலும் வாசலில் உள்ள குளியலறையில் குளித்து, அவர்கள் கொடுக்கும் துணியை உடுத்தி, மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துத்தான் இன்குபேட்டர் பக்கம் போக முடியும். வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் கிருமி முட்டைக்கு ஆகாது. உரிமையாளருக்கும் இதே விதிதான். டீச்சருக்கும் இதே விதிதான். உள்ளே சூடு காட்டும் மீட்டர் பழுதானபோது அவர் இரண்டு தடவை வந்து, இரண்டு தடவையும் குளித்துவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறார்.

இன்று காலை குளிர் அதிகம். ஐந்து மணிக்கு ஒருமுறை குளித்தாயிற்று. மின்பெட்டி கேட்டுக்குப் பக்கத்திலேயே, வெளியே இருக்கிறது. காயிலுக்கென்று தனி லைன் அங்கிருந்துதான் கிளம்புகிறது. வோல்ட் அங்கேயே கிடைக்கும். ஆம்பியர் அங்கேயே கிடைக்கும். ஒரே வயரில் ஓடும் ஆம்பியர் இந்த முனையில் எத்தனையோ அந்த முனையிலும் அத்தனைதான். பின் எதற்காக உள்ளே போக வேண்டும் என்று நினைத்தார். நினைத்தபோது தன் சாமர்த்தியத்தில் கொஞ்சம் மகிழ்ச்சிகூட வந்தது.

ஒன்பது ஐந்துக்கு வந்தேன், ஒன்பது பத்துக்கு அளந்தேன் என்று அவரே தாளில் எழுதியிருந்தார். ஐந்து நிமிடத்தில் எவரும் குளித்துத் துணி மாற்றி உள்ளே போக முடியாது.

அவர் வெள்ளையம்மாளிடம் போய்க் கையை நீட்டினார். அவள் ஒரு துண்டும் ஒரு சோப்பும் ஒரு நீலத் துணியும் கொடுத்தாள்.

*

தண்ணீர் ஐஸாக இருந்தது. சோப்பில் மருந்து வாடை. கொடுத்த கால்சட்டை நான்கு விரற்கடை குட்டை.

இதற்கெல்லாம் சேர்த்து ராசாமணியை இன்னும் நான்கு திட்டுத் திட்டினார். ஆம்பியர் எங்கும் ஒன்றுதான். வோல்ட்டும் கிட்டத்தட்ட அதுவேதான் இருக்கும். இரண்டொன்று குறையலாம். குறைந்தால் குறையட்டும், தாளில் திருத்திக்கொள்ளலாம். காயில் போலி என்பது மாறப்போவதில்லை.

மீட்டர் இரண்டையும் மருந்துத் துணியால் துடைத்தபிறகே உள்ளே விட்டார்கள். தாள் விடமாட்டார்கள். பேனா விட்டார்கள்.

இன்குபேட்டருக்குப் பின்புறம் போய்த் தகரத்தைக் கழற்றினார். காயிலின் இரண்டு முனைகளும் தெரிந்தன. ராசாமணியின் சீட்டு ஓரமாகக் கட்டித் தொங்கியது. காயில் எரிந்துகொண்டிருந்தது.

ஆம்பியர் காட்டும் டாங் டெஸ்டரின் வாயைத் திறந்து ஒரு வயரைக் கவ்வவிட்டார். எட்டு ஆம்பியர். காலையில் பார்த்தது அதேதான்.

வோல்ட் காட்டும் மற்ற மீட்டரின் இரண்டு முள்ளையும் காயிலின் இரண்டு முனைகளில் வைத்தார்.

நூற்று எண்பத்து நான்கு.

மீட்டரைக் கையால் தட்டினார். மறுபடி வைத்தார்.

நூற்று எண்பத்து நான்கு.

உள்ளங்கையில் எழுதினார். எட்டு இருபது நூற்று அறுபது. மீதி இருபத்து நான்கு. எட்டு மூன்று இருபத்து நான்கு.

இருபத்து மூன்று ஓம்.

அவருக்கு வந்தது நிம்மதி அல்ல. அந்தக் காயிலைப் பிய்த்து எறிய வேண்டும் போலிருந்தது. ஒரு புள்ளி கூடவோ குறையவோ இருந்திருக்கலாம். இருபத்து மூன்றரை இருந்தால்கூட ஒரு வார்த்தை சொல்லலாம். முள்ளை எடுத்துத் துடைத்து மூன்றாம் முறை வைத்தார். நான்காம் முறை வைத்தார்.

இருபத்து மூன்றுதான். சீட்டில் எழுதியிருப்பதும் அதுதான்.

வெள்ளையம்மாளிடம் மின்பெட்டி மீட்டரில் இப்போது எத்தனை வோல்ட் என்று பார்த்துச் சொல்ல ஆள் அனுப்பச் சொன்னார். கேட்டிலிருந்து பதில் வந்தது. இருநூற்று முப்பது. காலையில் இருந்ததுபோலவே.

கேட்டில் இருநூற்று முப்பது. இங்கே நூற்று எண்பத்து நான்கு. நாற்பத்தாறு வோல்ட் இடையில் எங்கோ தங்கிவிட்டது.

உள்ளங்கையில் இடம் போதவில்லை. மணிக்கட்டில் எழுதினார். நாற்பத்தாறை எட்டால் வகுத்தார். ஐந்தே முக்கால் ஓம். நாற்பத்தாறை எட்டால் பெருக்கினார். முந்நூற்று அறுபத்தெட்டு வாட்.

முட்டைக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு என்றும் போட்டார். நூற்று எண்பத்து நான்கை எட்டால் பெருக்கினால் ஆயிரத்து நானூற்று எழுபத்திரண்டு வாட். காலையில் அவர் தாளில் எழுதியது ஆயிரத்து எண்ணூற்று நாற்பது. குற்றம் சாட்டும்போதுகூட முட்டைகளுக்குக் கிடைக்காத சூட்டைக் கிடைத்ததாகவே எழுதியிருந்தார்.

கேட்டிலிருந்து இந்தக் கொட்டகைவரை இருநூற்று முப்பத்தெட்டு மீட்டர். போக வர நானூற்று எழுபத்தாறு. இதை அளந்தவரும் அவர்தான். புரட்டாசியில் இரண்டு நாள் நின்று அந்த வயரை இழுத்தவரும் அவர்தான். ஒன்றரை எம்.எம். வயர். பத்து ஆம்பியர் தாங்குமா என்று ஒரே ஒரு கேள்விதான் அன்று தன்னைக் கேட்டுக்கொண்டார். தாங்கும். இன்றுவரை தாங்குகிறது. எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொள்ளவில்லை. மெல்லிய வயர் நீள நீள அதற்கும் ஒரு தடை ஏறும்.

சுவரோரமாகப் போன வயரைத் தொட்டுப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. முந்நூற்று அறுபத்தெட்டு வாட் நானூற்று எழுபத்தாறு மீட்டருக்குப் பரவினால் மீட்டருக்கு முக்கால் வாட்டும் கொஞ்சமும். கை அறியாது. கருகாது, நாறாது. யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் முட்டைகள் தட்டுத் தட்டாக இருந்தன. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

*

மேலாளரின் பெயர் பூங்கோதை. அவள் தாளும் பேனாவும் எடுத்து வைத்திருந்தாள். மணி இரண்டு பத்து. முதலாளி இரண்டு முறை போன் செய்துவிட்டார் என்றாள்.

காயிலில் குற்றம் இல்லை என்றார் அர்த்தநாரி.

பின் எதில் என்று பூங்கோதை கேட்டாள். அவர் சங்கடப்படுவதைப் பார்த்து அவளே ஒரு வழி சொன்னாள்.

“லோ வோல்டேஜ்னு எழுதிருங்களேன். ஊரே சொல்றதுதானுங்க.”

ஊரே சொல்வதுதான். எழுதினால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். பொய் என்றும் சொல்ல முடியாது, நூற்று எண்பத்து நான்கு குறைந்த வோல்ட்தான். வயரைப் பிறகு ஒரு நாள் வந்து சத்தமில்லாமல் மாற்றிவிடலாம்.

காயில்களை விட்டுவிடுவார்கள் அல்லவா என்று கேட்டார்.

அது தெரியாது என்றாள் அவள். குற்றம் இன்னதில் என்று உறுதியாகத் தெரியாவிட்டால், எதற்கும் இருக்கட்டும் என்று காயில்களையும் மாற்றிவிடப் போவதாக முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டாராம்.

அர்த்தநாரி வெளியே வந்து டீச்சருக்குப் போன் செய்தார்.

“குளிச்சிட்டேன்” என்றார்.

“சொல்லுங்க.”

“தெரிஞ்சுதானே கேட்டீங்க? தெரிஞ்சா அங்கேயே சொல்லிருக்கலாமில்ல? இத்தனை தூரம் ஒரு மனுசனை விரட்டணுமா?”

“நீங்க உள்ள போகலைங்கறது மட்டுந்தான் எனக்குத் தெரியும். உள்ள என்ன இருக்குதுன்னு உள்ள போனவருக்குத்தான் தெரியும். எத்தனை?”

அவர் சொன்னார். கேட்டில் இருநூற்று முப்பது. காயிலில் நூற்று எண்பத்து நான்கு. ஆம்பியர் எட்டு. காயில் இருபத்து மூன்று ஓம்.

“மீதி?”

“நாப்பத்தாறு.”

“எங்க?”

அர்த்தநாரியின் கண் மின்பெட்டியிலிருந்து கிளம்பும் வயர்மேல் போனது.

“எங்கன்னு கேட்டேன்.”

சாலையில் முட்டை லாரி ஒன்று மெதுவாகப் போனது. அது வளைவு திரும்பும்வரை அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு டீச்சர் போனை வைத்துவிட்டார்.

*

அவர் உள்ளே போய் உட்கார்ந்து எழுதினார். எழுத்து காலையில் எழுதியதைவிடச் சிறியதாக இருந்தது.

காயில்: 23 ஓம். சரி.

வயர்: 5.75 ஓம். தவறு. 238 மீட்டருக்கு ஒன்றரை எம்.எம். போதாது.

வயர் இழுத்தவர்: அ. அர்த்தநாரி.

கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, மணி இரண்டு முப்பத்தொன்று என்றும் எழுதினார்.

பூங்கோதை படித்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி படித்தாள். இரவெல்லாம் நின்று நாளை விடிவதற்குள் ஆறு எம்.எம். வயர் இழுத்துவிடுவதாக அவர் சொன்னார். அவள் தலையசைத்துவிட்டு முதலாளிக்குப் போன் செய்தாள்.

முதலாளி பேசியது மேசைக்கு இந்தப் பக்கமும் கேட்டது. ஸ்பேனரோடு நின்றவர்களைத் திரும்பி வரச் சொன்னார். பிறகு வயர்மேனைப் பற்றிச் சொன்னார். மூவாயிரத்து அறுநூற்று எண்பத்து நாலு குஞ்சு போச்சு என்றார். பூங்கோதை போனைக் காதோடு அழுத்தி மூடப் பார்த்தாள். முடியவில்லை. இந்த வயரை மாற்றிக் கொடுத்ததோடு சரி, அதன்பிறகு ஒன்பது இடத்தில் எந்தக் கேட்டிலும் அந்த ஆள் கால் வைக்கக்கூடாது என்றார்.

அர்த்தநாரி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எண்ணிக்கை சரி என்று நினைத்தார்.

மின்பெட்டிக்குப் போய்க் காயில் லைனின் சுவிட்சைப் பார்த்தார். அதை இப்போது நிறுத்தக் கூடாது. புது வயரை இழுத்து முடித்து, கடைசி ஒரு நிமிடம் மட்டும் நிறுத்தி முனை மாற்ற வேண்டும். அதற்கு அந்த முனையில் ஒரு ஆள் வேண்டும். காயிலின் முனையைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஆள்.

போனை எடுத்தார். அந்த எண்ணை அவர் அழிக்கவில்லை. ஆறு முறை மணி அடித்தது.

எடுத்ததும் காயில் சுற்றும் மிஷினின் இரைச்சல்தான் கேட்டது. அதை நிறுத்தவில்லை ராசாமணி.

“யாரு, கணக்கு வாத்தியாருங்களா?”

அர்த்தநாரிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. போனை வைத்துவிடக் கட்டைவிரல் போனது.

ராசாமணி விடவில்லை. காலையிலிருந்து பதினான்கு பேர் போன் செய்தார்கள் என்றார். என் காயில் போலி என்று நீ சொன்னதாக ஒவ்வொருவனும் துக்கம் விசாரிக்கிறான் என்றார். இருபத்திரண்டு வருடம் என் சோற்றைத் தின்றவன், நேரில் வந்து கேட்க வாய் இல்லையா என்றார். என் பெண்டாட்டி காலையிலிருந்து சாப்பிடவில்லை என்றார். இதைச் சொல்லும்போது மிஷினை நிறுத்தினார். குரல் மட்டும் நிற்கவில்லை.

அர்த்தநாரி முழுவதையும் கேட்டார். முடிந்தது என்று தெரிந்தபிறகு வாயைத் திறந்தார்.

“உன்ற காயில் இருபத்து மூணு.”

“அது எனக்குத் தெரியும்” என்றார் ராசாமணி. “உன்றது எத்தனை?”

அர்த்தநாரி மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

“அஞ்சே முக்கால்.”